நொடிக்கு நூற்று அறுபத்தைந்து

மார்ச் 1, ஞாயிறு

இன்றைக்கும் நான்தான் முதலில் செத்தேன். மூன்று ஆட்டம், மூன்றிலும் கதவைத் தாண்டிய கையோடு. ஹெட்செட்டில் தம்பி பொறுமையாகத்தான் கேட்டான்: “அக்கா, அவன் மூலையில வந்து நின்னு, டீ குடிச்சு, டம்ளரைக் கழுவி வச்சிட்டுத்தான் சுட்டான். நீ எங்க பாத்துட்டு இருந்த?”

“ஸ்கிரீன் ஸ்லோடா,” என்றேன்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி எங்கள் ஆன்லைன் துப்பாக்கி ஆட்டத்துக்கு லீக் தொடங்குகிறது. ஐந்து இடம், ஆறு பேர். பேக்கரிக்காரருக்கும் அச்சகத்து இரட்டையர்களுக்கும் இடம் உறுதி. தம்பி கேப்டன். மிச்சம் ஓர் இடம் - நானா, போன மாதம் சேர்ந்த நர்ஸ் பெண்ணா? அவளுக்கு ‘புதுசு’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அவள் சாவதே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தம்பி வேறு ஊரில் இருக்கிறான். ஞாயிறு சாயங்காலம் இந்த இரண்டு மணி நேரம் இல்லையென்றால் பிறந்தநாளுக்கு ஒரு போன், அவ்வளவுதான் எங்கள் பாசம். இந்த இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

கடையில் நல்ல கூட்டம். கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினேழு வருடமாக ஒரே கேள்வியைக் கேட்டுத்தான் சம்பளம் வாங்குகிறேன்: “இதுல நல்லா தெரியுதா, இதுலயா?” ரொம்ப அலட்டுகிறவர்களுக்கென்று ஒரு வைத்தியம் வைத்திருக்கிறேன். லென்ஸைக் கழற்றுவேன், துடைப்பேன், அதே லென்ஸைத் திரும்பப் போடுவேன். “ஆங், இதுதான்! பளிச்சுன்னு இருக்கு!” என்பார்கள். இன்று ஒரு வங்கி மேலாளர் எழுந்து நின்று கையே குலுக்கினார்.

ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு என் கண்ணையும் சோதித்தேன். வெள்ளெழுத்து. படிக்கக் கண்ணாடி வேண்டும். நாற்பத்து மூன்று வயது. “வயசானா எல்லாருக்கும் வர்றதுதாங்க” என்று தினம் பத்துப் பேருக்குச் சொல்கிறவள், அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஸ்கிரீன்தான். ஸ்கிரீன்தான் ஸ்லோ.

மார்ச் 4, புதன்

என்னுடைய பழைய மானிட்டர் நொடிக்கு அறுபது படம்தான் காட்டுமாம். தம்பியுடையது நூற்று நாற்பத்து நான்கு - இரண்டு வருடமாக அதை அவன் பீற்றிக்கொள்ளாத ஞாயிறு இல்லை. மிச்ச எண்பத்து நான்கு படத்தில்தான் எதிரி ஒளிந்திருக்கிறான். கண்டுபிடித்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

மானிட்டர் கடை. சுவர் முழுக்க ஸ்கிரீன்கள், எல்லாவற்றிலும் ஒரே மீன். விற்பனையாளர் மவுஸை வட்டம் வட்டமாகச் சுற்றிக் காட்டினார். “இதுல எதிரி வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுவான் மேடம்.”

“எப்போ, வீட்டுலருந்து கிளம்பும்போதேவா?”

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். முதலாவது வளைந்தது, நொடிக்கு இருநூற்று நாற்பது. என் கம்ப்யூட்டர் அத்தனை படத்தைத் தயாரிப்பதற்குள் மூச்சு வாங்கிச் செத்துவிடும். அடுத்தது மலிவு, ஆனால் கறுப்பு உருவம் ஓடினால் பின்னாலேயே ஒரு நிழல் இழுபடுகிறது. எங்கள் ஆட்டத்தில் பாதி இருட்டு நடைபாதை. வேண்டாம். மூலையில் ஒன்று இருந்தது: இருபத்து நான்கு அங்குலம், நூற்று அறுபத்தைந்து, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறவில்லை. ஸ்பீக்கர் கிடையாது, ஸ்டாண்ட் ஏறாது இறங்காது, போன வருட மாடல். அதனால்தான் விலை என் கைக்கு எட்டியது. அடியில் இரண்டு தடிப் புத்தகம் வைத்தால் போயிற்று. எல்லாப் பெட்டியிலும், புள்ளி நிறம் மாற ‘ஒரு மில்லி செகண்ட்’தான் என்று போட்டிருந்ததைக் கேட்டேன். “அது பெட்டிக்கு மட்டும் மேடம்,” என்றார். நல்ல மனிதர்.

வீட்டில் கணவரிடம், “கண்ணுக்கு நல்லதுங்க, டாக்டரே சொன்னாரு,” என்றேன்.

“எந்த டாக்டர்?”

“கடைக்கு வந்த டாக்டர்.”

பொய் இல்லை. டாக்டர் ஒருவர் வந்தார். கூலிங்கிளாஸ் வாங்க.

மார்ச் 11, புதன்

வந்துவிட்டது! மாட்டியாகிவிட்டது! வெண்ணெய்! பட்டு! இத்தனை நாள் எந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு ஆடினேன்?

கணவர் கணக்கு வாத்தியார். எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே,” என்றார்.

“பழகாத கண்ணுக்குத் தெரியாதுங்க.”

தலையாட்டிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

பத்தொன்பது பேர்! நான் சுட்டது பத்தொன்பது பேர்!

தம்பி, “ஹலோ, யாருங்க நீங்க? ஹெட்செட்டைக் கொஞ்சம் எங்க அக்காகிட்ட குடுங்க,” என்றான். இரட்டையர்கள் கைதட்டினார்கள். இன்று வெளியில் உட்கார வைக்கப்பட்ட புதுசுகூட, “செமக்கா!” என்றாள். பெருந்தன்மையாக நன்றி சொன்னேன்.

மார்ச் 17, செவ்வாய்

புதுசு போன் செய்து என்ன மானிட்டர் என்று கேட்டாள். ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தேன். மனிதக் கண், நரம்பு, நொடிக்கு எத்தனை படம் - எதையும் விடவில்லை. அதே மாடலை வாங்கப் போகிறாளாம். போட்டிக்காரிக்கு நானே ஆயுதம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எதற்கு? பெருமை, வேறென்ன.

மார்ச் 20, வெள்ளி

“அக்கா, மானிட்டர் வந்துடுச்சு. மாட்டினப்ப அறுபதுலதான் ஓடுச்சு. செட்டிங்ஸ்ல போய் நூத்தி அறுபத்தஞ்சு வச்சேன். நீங்களும் அப்படித்தானே வச்சீங்க?” - புதுசு.

“பின்ன?” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஓடிப் போய்ப் பார்த்தேன்.

அறுபது.

ஒம்பது நாளா அறுபது! வெண்ணெயாம். பட்டாம். நரம்புன்னு வகுப்பு வேற எடுத்திருக்கேன். அதே லென்ஸைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, நானே எழுந்து நின்னு எனக்கே கை குலுக்கிட்டேனே! கடையில தெரிஞ்சா என்ன ஆகும்?

மார்ச் 21, சனி

அப்படியானால் அந்தப் பத்தொன்பது பேரைச் சுட்டது யார்?

நான்தான். அதே அறுபதில், அதே கண்ணோடு. வயதாகிவிட்டது என்ற பயத்தில் கதவுக்குக் கதவு தயங்கி நின்றிருக்கிறேன். புதுப் பெட்டி வந்ததும் பயம் போயிருக்கிறது, அவ்வளவுதான். வெட்கமாக இருக்கிறது. அதைவிடச் சந்தோஷமாக இருக்கிறது.

நூற்று அறுபத்தைந்துக்கு மாற்றினேன். கொடுமை என்னவென்றால், நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறது. மவுஸின் அம்பு வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் ‘வெண்ணெய்’ என்ற சொல்லை ஏற்கெனவே செலவழித்துத் தொலைத்துவிட்டேன்.

கணவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை. வீட்டில் ஒருவராவது என் கண்ணை நம்பட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

இரட்டையரில் ஒருவர் வராததால் புதுசும் ஆடினாள். புதுசு இருபத்தொன்று. நான் பதினெட்டு. கேப்டன் ஆறு.

ஆட்டம் முடிந்ததும் தம்பி, “புதுசு, தப்பா நினைக்காத. அக்கா பழைய ஆளு. உனக்கு அடுத்த லீக்,” என்றான். “சரிங்கண்ணா,” என்றாள். குரல் உள்ளே போய்விட்டது.

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. ஏன் இனிக்கவில்லை?

மார்ச் 27, வெள்ளி

தம்பிக்குப் போன் செய்து அறுபது விஷயத்தை உடைத்துச் சொன்னேன். விக்கல் வரும்வரை சிரித்தான். “கண்ணு டாக்டரம்மா! கண்ணு டாக்டரம்மா!”

“சரி, உன்னோடதைப் பாத்தியா?”

“எனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷமா நூத்தி நாப்பத்தி நாலு. கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன்.”

“கண்ணைத் தொறந்து பாரு.”

டக். டக். டக். மவுஸ் சத்தம் நின்றது.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல. நெட் ஸ்லோ.”

செட்டிங்ஸ் பார்க்க நெட் எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: “போன வாரம் ஆறு பேரைத்தானே சுட்ட? அது நூத்தி நாப்பத்தி நாலுலயா, அறுபதுலயா?”

எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வான். “அக்கா, அந்த இரட்டையருங்ககிட்ட மட்டும் சொல்லிடாத,” என்றான்.

“சொல்லல. புதுசு ஆடட்டும்.”

“யாருக்குப் பதிலா?”

கணக்கை அவனிடமே விட்டேன். கணக்கு வாத்தியார் மனைவி நான். ஆறிலிருந்து ஒன்றைக் கழிக்க அவனுக்கே தெரியும்.

மார்ச் 29, ஞாயிறு

“கேப்டன் வெளிய இருந்து பாத்தாத்தான் மொத்த ஆட்டமும் தெரியும்,” என்று தம்பி அறிவித்தான். பேக்கரிக்காரர், “பெரிய மனசு!” என்றார். நான் மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

முதல் ஆட்டம். ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தோம். கடைசியில் உயிரோடு நின்றது நானும் புதுசும். தம்பி காதுக்குள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டான்.

எல்லோரும் போன பிறகும் அவன் போகவில்லை. ஆட்டத்தைப் பற்றியே இரண்டு வார்த்தை பேசினான். பிறகு, “அக்கா, எனக்கு இப்போ வேலை இல்ல,” என்றான்.

டிசம்பரிலிருந்தே இல்லையாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிசம்பரிலிருந்து எத்தனை ஞாயிறு பேசியிருக்கிறோம்!

“ஏண்டா சொல்லல?”

“சுட்டுக்கிட்டே எப்படிக்கா சொல்றது?”

கணவர் கதவருகே வந்து சாப்பிடக் கூப்பிட்டார். மானிட்டரை அணைத்தேன், ஹெட்செட்டைக் கழற்றவில்லை. “நீங்க சாப்பிடுங்க. நான் தம்பிகிட்ட பேசிட்டு இருக்கேன்,” என்றேன்.