சமையல்கட்டில் நாலு கோடு

ஜூன் 3, செவ்வாய்

கத்திரி முடிந்து ஒரு வாரம். வெயிலுக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை. நான் வேலை பார்க்கிற தோல் பதனிடும் ஷாப்பில் பினிஷிங் செக்‌ஷன் ஃபேன் இரண்டும் அவுட். ஸ்பிரே மிஷின் பக்கத்தில் நின்றால் இட்லிப் பானைக்குள் நிற்கிற மாதிரி.

செய்ய வேண்டியது:
1. அக்கா மகள் ஸ்டெல்லாவின் கல்யாண ஓலை மாதா கோயிலில் மூன்றாம் தடவை வாசிப்பது என்றைக்கு? சாமியாரைக் கேட்க.
2. என் சட்டை. தையல்காரன் காலரைச் சின்னதாக வைத்துவிட்டான்.
3. செல்போன்.

முதல் இரண்டும் முடிந்தது. மூன்றாவதுதான் பேஜார். போன மாதம் நிச்சயத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டேன்: "மத்த தாய்மாமன் எல்லாம் வாட்ச் வைப்பான், மோதிரம் வைப்பான். இந்த சூசை அக்கா பொண்ணுக்கு செல்போன் வைக்கிறான். அதுவும் மடக்குற போன்." கைதட்டல் ரயில்வே கேட் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். எங்கள் தெருவில் முதல் செல்போன். (மருந்துக் கடைக்காரரிடம் ஒன்று இருக்கிறது. அவர் வெளியூர்க்காரர், கணக்கில் வராது.)

மாப்பிள்ளைக்கு அண்ணன் சேவியர். ஜோலார்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் பச்சை போர்டு செல்போன் கம்பெனிக்கு ஏஜென்ட். மடக்குற போன் பச்சை கனெக்‌ஷனோடுதான் வரும், தனியாகக் கிடையாது. சாயங்காலம் சேவியரே போன் பண்ணினான். "மாமா, நம்ம கடை இருக்கும்போது வெளியில போவாதீங்க. பீஸ் எடுத்து வெச்சிருக்கேன்."

சரி என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன். உடனே சரி என்று சொல்கிற பழக்கம் நம் வம்சத்தில் இல்லை.

ஜூன் 5, வியாழன்

கபூர் பாய் செல்போன் எடுத்திருக்கிறார். வாணியம்பாடிக்காரர், ஷாப்பில் தோல் தரம் பிரிக்கிறவர், இருபது வருஷமாக என் தோஸ்த். அவருடையது சிவப்பு போர்டு கம்பெனி. சாப்பாட்டு நேரத்தில் போனை என் கையில் கொடுத்தார். எட்டாவது வரைதான் படித்தேன், ஆனால் மிஷின் எதுவும் என்னிடம் முரண்டு பிடித்ததில்லை. ஐந்து நிமிஷத்தில் எல்லா பட்டனும் அத்துபடி. (உருது பாஷைக்குப் போய்விட்டது. பாய் திரும்பக் கொண்டுவந்தார்.)

ஒப்பீடு:
பச்சை: மடக்கலாம், கலர் திரை, கையில் வைத்தால் வெல்வெட். கூட ஓசியாக ஒரு பை. லெதர் என்கிறார்கள், சுத்த ரெக்ஸின். மோந்து பார்த்ததுமே தெரிந்துவிட்டது.
சிவப்பு: கறுப்பு, சோப்புக்கட்டி சைஸ், டார்ச் லைட் உண்டு. பார்வைக்கு ஒன்றும் இல்லை.

என் சம்சாரம் ஜெயசீலி: "இதுல யோசிக்க இன்னா இருக்குது? சம்பந்தி கடை. பச்சையே வாங்குங்க."

அவள் சொன்னதாலேயே யோசிக்க வேண்டியதாகிவிட்டது. பாய் ஒரு வார்த்தை சொன்னார்: "சூசை, போன் அழகு அப்புறம். அந்த வீட்டுல டவர் கிடைக்குதான்னு மொதல்ல பாரு."

ஜூன் 8, ஞாயிறு

காலைப் பூசை முடிந்ததும் ரயில், ஜோ.பேட்டை. ஒரு பையில் பாயின் சிவப்பு. சேவியர் கடையில் இறங்கி, கையில் வைத்துப் பழக வேண்டும் என்று மடக்குற போனையும் வாங்கிக்கொண்டேன், அது இன்னொரு பையில். அவனுக்குச் சந்தோஷம். பாவம்.

மாப்பிள்ளை வீட்டுக்குப் போகக் காரணம்? சீர் சாமான் வைக்க அளவு எடுப்பது. அளவு டேப்பை ஷாப்பிலிருந்து கொண்டுபோனேன். ஒரு கையில் டேப், மற்ற கை ஜோபிக்குள், போன் மேல். போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவன் நான்.

ஹாலில் திருஇருதயப் படம். அதற்குக் கீழே அந்த வீட்டு போன், மரப்பெட்டிக்குள், ரிசீவர் மட்டும் வெளியே, பெட்டிக்குப் பூட்டு. சாவி சேவியரின் இடுப்புச் சங்கிலியில். பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மாப்பிள்ளையின் அம்மா சம்மனசு அம்மாள். பேச்சு கம்மி. ஜெயில் வார்டன் மாதிரி இருந்தார்.

கட்டிலுக்கு என்று படுக்கையறையை அளந்தேன். பீரோவுக்கு என்று சுவரை அளந்தேன். பிறகு நேராகச் சமையல்கட்டு.

சம்மனசு அம்மாள் பின்னாலேயே வந்துவிட்டார். "இன்னாண்ணா, சமையல்கட்டுலயா கட்டில் போடப் போறீங்க?"

"கிரைண்டர்மா. கிரைண்டருக்கு இடம்."

"அதுக்கு ஏன் ஜன்னல் மேல டேப்பை வெக்கிறீங்க?"

"மாவு பொங்கும் இல்ல."

என்ன நினைத்தாரோ, போய்விட்டார். இப்படி ஒரு பதில் அந்த நேரத்தில் யாருக்கு வரும்?

குறித்துக்கொண்டது (டவர் கோடு):
ஹால்: பச்சை நாலு கோடு, சிவப்பு மூன்று.
படுக்கையறை: பச்சை ஒன்று, சிவப்பு மூன்று.
சமையல்கட்டு: பச்சை சைபர். சிவப்பு நாலு.
துணி துவைக்கிற கல்: பச்சை சைபர். சிவப்பு நாலு.

பச்சைக்கு டவர் ஸ்டேஷன் பக்கம். சிவப்புக்கு மலைப்பக்கம். மடக்குற போனில் பேச வேண்டுமென்றால் ஹாலில், அந்த நாற்காலிக்கு எதிரில் நின்று பேச வேண்டும்.

திரும்பும்போது ரயிலில் கூட்டம், வாசலில் நின்றே ஆம்பூர் வந்தேன். மடக்குற போனைச் சேவியரிடம் கொடுத்தாகிவிட்டது. கொடுக்கும்போது கடைசியாக ஒரு தடவை திறந்து மூடினேன். டிக் என்று என்ன ஒரு சத்தம்.

ஜூன் 9, திங்கள்

வீட்டில் சண்டை. சிவப்புதான் என்றேன்.

ஜெயசீலி: "ஊரைக் கூட்டி மைக்குல மடக்குற போன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப சோப்புக்கட்டியைத் தட்டுல வெச்சா சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும்."

"சம்பந்தி வூட்டுல மொத நாளே மனஸ்தாபம் வேணுமா? வாழப் போறவ அவ."

"அதுக்குத்தான் சொல்றேன்."

ஸ்டெல்லா துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இங்கே ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையை விட்டாகிவிட்டது, அங்கே போய்த் தேட வேண்டும். கிடைக்கும் வரை அந்த வீடுதான். பிலோமினா அக்கா, ஸ்டெல்லாவின் அம்மா, பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரே பூண்டை ரொம்ப நேரம் உரித்தாள்.

எழுதி வைக்கிறேன், யாரும் படிக்கப் போவதில்லை. அக்கா கல்யாணமாகிப் பள்ளிகொண்டா போனாள். மாதம் ஒரு கார்டு வரும். "நான் நலம். எல்லோரும் நலம். தம்பி நலமா?" அந்தக் கார்டுகளை ஷாப்பில் எல்லோருக்கும் காட்டுவேன். என் அக்கா ராணி மாதிரி இருக்கிறாள், வீட்டில் ஆறு மாடு, பத்து மாடு என்று அடித்துவிடுவேன். ஏழு வருஷம். ஒருநாள் ஸ்டெல்லாவைத் தூக்கிக்கொண்டு மாற்றுப் புடவை இல்லாமல் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கையில் சூட்டுத் தழும்பு, பழசும் புதுசும். கார்டை மாமனார் படித்துப் பார்த்த பிறகுதான் தபாலில் போடுவாராம். அவர் முன்னால் உட்கார்ந்துதான் எழுத வேண்டுமாம்.

ஏழு வருஷமும் கையெழுத்து ஒரே மாதிரி குண்டு குண்டாக இருந்தது. சந்தேகமே வரவில்லை எனக்கு.

மிளகாய் தீர்ந்துவிட்டது. நாளை வாங்க.

ஜூன் 12, வியாழன்

மழை வருகிற மாதிரி வந்து போனது. சிவப்பு வாங்கிவிட்டேன். ஆம்பூர் பஜாரில், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க.

சேதி ரயிலை விட வேகம். மூன்று மணிக்கு சேவியர் பைக்கில் ஷாப் கேட்டுக்கே வந்துவிட்டான். வாட்ச்மேன், கபூர் பாய், லோடு ஆட்கள் என்று ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். (பாய் ஏழு என்கிறார். அவருக்கு எண்ண வராது.)

"குடும்பத்துல கடை இருக்குது. வேற கம்பெனிக்குப் போறீங்க. என் மரியாதை இன்னா ஆவறது மாமா?"

"உன் மரியாதை ஹால்ல நாலு கோடு ஃபுல்லா இருக்குது தம்பி. சமையல்கட்டுல சைபர். நான் அளந்துட்டுத்தான் வந்தேன்."

கொஞ்ச நேரம் புரியவில்லை அவனுக்கு. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. "பொம்பளைங்க சமையல்கட்டுல யார்கிட்ட பேசப் போறாங்க?"

"அதை நீ கேக்கக் கூடாதுன்னுதான் சிவப்பு."

பைக்கை உதைத்தான். மூன்றாவது உதையில்தான் ஸ்டார்ட் ஆனது. எனக்கு அதுவும் ஒரு திருப்தி.

சாயங்காலம் போனுக்குப் பை தைத்தேன். ரெக்ஸின் இல்லை, எருமைத் தோல், இரண்டரை எம்.எம். கனம், பூட்ஸுக்குப் போகிற சரக்கு. இரட்டைத் தையல், மூடி, பித்தளை பட்டன். லாரி ஏறினாலும் உள்ளே போனுக்குத் தெரியாது.

பாய்: "இதுக்குள்ள போன் மூச்சு வுடுமா சூசை?"

பொறாமை.

ஜூன் 18, புதன்

கல்யாணம். பூசை நன்றாக நடந்தது. மாப்பிள்ளை ஆல்பர்ட் சாது, ரயில்வேயில் கலாசி, அண்ணன் முன்னால் வாய் திறப்பதில்லை. காலர் சின்னதுதான், போட்டோவில் தெரியாது.

சீர்த்தட்டு வந்ததும் மேடையில் சேவியர், மைக்குக்குக் கேட்கிற மாதிரி: "மடக்குற போன்னு சொன்னீங்களே மாமா. எங்க?"

சிரிப்பு. கடைசி வரிசை வரைக்கும். மைக்கை வாங்கினேன்.

"மடக்குறதுக்கு நான் இன்னா குடையா வாங்கினேன்? பேசுறதுக்கு வாங்கினேன்."

சிரிப்பு இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. போனைத் தட்டில் வைக்கவில்லை. நேராக ஸ்டெல்லா கையில் வைத்தேன். பையின் கனத்தில் அவள் கை கொஞ்சம் கீழே போனது. சம்மனசு அம்மாள் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அழுதாள். பிரியாணிப் புகை என்றாள். அடுப்பு மண்டபத்துக்குப் பின்னால் அந்தக் கோடியில்.

ஜூன் 21, சனி

மறுவீடு முடித்து ஸ்டெல்லாவும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்டில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். தினம் ஆறு மணிக்கு நம் வீட்டு போனுக்கு மிஸ்டு கால். ஒரு ரிங் என்றால் நல்லா இருக்கேன். இரண்டு என்றால் கூப்பிடு மாமா. மூன்று என்றால் கிளம்பி வா.

"மூணெல்லாம் வராது மாமா."

"வராது. ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

ஆறு மணி. அக்கா போன் பக்கத்தில் துணி மடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி. ஒரு ரிங். நின்றது.

ஜூன் 23, திங்கள்

நேற்றும் ஒன்று, இன்றும் ஒன்று. ஷாப்பில் சொன்னேன், என் மருமகள் தினம் அரை மணி நேரம் பேசுகிறாள் என்று.

ஜூன் 25, புதன்

நேற்று ரிங் வரவில்லை. மறந்திருப்பாள் என்று இருந்தேன். இன்றும் இல்லை. ஆறேகாலுக்கு நானே அடித்தேன். அடிக்கிறது, எடுப்பார் இல்லை. நாலு தடவை. ஹால் போனுக்கு அடித்தேன். பூட்டுப் போட்ட போனில் வருகிற கால் வருமே. சேவியர்தான் எடுத்தான்.

"எல்லாம் நல்லா இருக்காங்க மாமா" என்றான். "அவ வேலையா இருக்கா."

நலம். எல்லோரும் நலம்.

ஜெயசீலி: "வூட்டு வேலை இருக்காதா? புதுப்பொண்ணு. நீங்க பாட்டுக்கு அங்க போய் நின்னு மானத்தை வாங்காதீங்க."

அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் என் வெளியூர் சட்டையை எடுத்து வந்து நாற்காலியில் போட்டாள்.

ஜூன் 26, வியாழன்

லீவு போட்டு முதல் ரயில். வழியெல்லாம் சேவியருக்குச் சொல்ல வேண்டியதைத் தயார் பண்ணிக்கொண்டே போனேன். போனைப் பிடுங்கினீங்களா, இன்னா தைரியம், பொண்ணை இப்பவே கூட்டிட்டுப் போறேன், அவ வாழுறதுக்கு என் வூடு இருக்குது. எல்லாம் வரிசையாக.

கதவைத் திறந்தது ஸ்டெல்லா. மாவுக் கை. "மாமா, இன்னா மாமா காலைல?" சிரித்தாள். கையைப் பார்த்தேன். இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தேன். அவளுக்கு ஏன் என்று தெரியும், கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஒன்றும் இல்லை.

சேவியர் ஹாலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். தயார் பண்ணிய பேச்சு தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் சம்மனசு அம்மாள் குறுக்கே வந்தார்.

"வாங்கண்ணா. அந்த கிரைண்டர் இடம் சரியா இருக்குதான்னு பாத்துட்டுப் போங்க."

சமையல்கட்டுக்குப் போனோம். அம்மாள் கதவைச் சாத்தினார். ஜன்னல் பக்கத்து ஆணியில் என் தோல் பை தொங்குகிறது.

"அண்ணா, தப்பு என்னுது. அவகிட்ட கேட்டுத்தான் எடுத்தேன். எங்க அக்கா குடியாத்தத்துல இருக்குது. படுத்த படுக்கை. மூணு நாள் அதுகிட்ட பேசினேன். காசெல்லாம் தீந்துபோச்சு, அதான் உங்களுக்கு அடிக்க முடியல. இவ ரீசார்ஜ் பண்ண வெளிய போனா பெரியவன் எதுக்குன்னு கேப்பான்."

"நான் அடிச்சேனேம்மா. நாலு தடவை."

ஸ்டெல்லா பையைக் கழற்றி என் காதில் வைத்தாள். "யார் கூப்பிட்டாலும் ஒண்ணும் கேக்காது. நீங்க தைச்ச பை மாமா. போன் உள்ள கத்துனாலும் வெளிய வராது."

இரண்டரை எம்.எம். என் சரக்கு அப்படி.

அம்மாள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். கல்யாணமாகி வந்து முப்பத்திரண்டு வருஷமாம். முதலில் மாமனார் கையில் சாவி, பிறகு புருஷன், இப்போது மகன். அந்த நாற்காலியில் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டேன். எப்போதாவது அக்கா வீட்டிலிருந்து கால் வரும், வந்தால் முதல் ஆளாக எடுக்கலாம் என்றுதானாம். வார்டன் என்று எழுதினேன் மேலே. அந்த வார்த்தையை அடித்துத் திருத்த மனம் இல்லை, இருக்கட்டும்.

ஹாலில் சேவியர் கிளம்புகிற சத்தம். "இன்னாம்மா, அளந்தாச்சா?"

"அளக்கறாருடா" என்று அம்மாள் சத்தமாகச் சொன்னார். பிறகு என்னிடம், உதடு மட்டும் அசைய: "எனக்கும் ஒண்ணு வாங்கித் தருவீங்களாண்ணா? சிவப்பு. பெரியவனுக்குத் தெரிய வேணாம்."

ஸ்டெல்லா போனுக்கு ரீசார்ஜ் பண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன். ஆறு மணிக்கு ஒரு ரிங். அக்கா துணி மடித்தாள்.

நாளைக்கு:
1. சிவப்பு சிம் ஒன்று. சோப்புக்கட்டி போன் ஒன்று. டார்ச் உள்ளது.
2. பை இரண்டு. ஆட்டுத் தோல், முக்கால் எம்.எம்.