கப்பித்தானின் பூச்சாடி

யேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
14 ஆகஸ்டு 1948

அன்புள்ள மகள் கித்தேரிக்கு அம்மா எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நானும் பூனையும் இங்கே சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை ஒரு செய்தியாக எழுத எனக்கு விருப்பமில்லை. அங்கே நீயும் மருமகனும் உன் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாயிருக்கும்படி தேவமாதாவை மன்றாடுகிறேன். உன் கடிதத்தில் சௌக்கியம் என்ற சொல்லை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறாய், மடத்துப் பள்ளிக்கூடத்தில் உனக்குக் கட்டிய சம்பளத்தை நினைத்துக்கொண்டேன். ஆறு வருஷ நவநாள் செபத்துக்குப் பிறகு கிடைத்த பிள்ளை என்று மருமகன் உன்னை நாற்காலியை விட்டு எழும்ப விடுவதில்லையாம், அது தப்பு, நீ நடக்க வேண்டும், கண்டிக் குளிருக்குக் காலில் மேஜோடு போட்டுக்கொண்டு நட.

நம் பூச்சாடி எந்தத் தேசத்தது, எத்தனை வருஷத்தது என்று உன் மாமியார் கேட்டதாகவும், போர்த்துக்கல் தேசம், முந்நூறு வருஷம் என்று நீ சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். மூன்று வாரமாக நான் பதில் எழுதாததற்குக் காரணமே அந்தப் பூச்சாடிதான். ஐந்தாம் தேதி மாதா திருநாளுக்கு இந்த வருஷம் பிஷப்பாண்டவர் மேற்றிராணியார் வருகிறார் என்றும், பழைய குடும்பங்களில் இருக்கும் பழைய சாமான்களைக் கோயிலில் வைக்கலாம் என்றும், மாதா சுரூபத்தின் பாதத்தில் ஒரு பூச்சாடிக்கு இடம் உண்டு என்றும் பங்குச் சாமியார் பூசையில் அறிவித்தார். நான் பூசை முடிந்ததும் போய்ப் பேர் கொடுத்தேன். எனக்கு முன்னால் உன் சித்தப்பா பெண்சாதி பிளாரன்ஸ் சித்தி கொடுத்துவிட்டாள். அவளிடமும் இதே மாதிரி ஒன்று இருப்பது உனக்குத் தெரியும், அதே ஒரு முழ உயரம், அதே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அரக்கு வளையங்கள், அதே கறுப்புக் கொடி, கழுத்துக்குக் கீழே அதே இரண்டு சதுரத் துளை. வெள்ளிச் சங்கிலி கோத்துத் தொங்கவிட வைத்த துளை என்று நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வாயில் மூன்று பூவுக்கு மேல் நுழையாதது அர்ச்சிஷ்ட திரித்துவத்தைக் குறித்து என்றும் சொல்லியிருக்கிறேன். நம் குடும்பத்தார் எடுத்துக் கொடுத்த முத்துக்குப் பதிலாகப் பறங்கிக் கப்பல் கப்பித்தான் கொடுத்தது நம்முடையது, அவளுடையது பிறகு பார்த்துச் செய்தது, இதுதான் என் கட்சி. அவள் கட்சி என்னவென்றால் அவளுடையதன் அடியில் ஒன்றாம் இலக்கம் ௧ என்றும் நம்முடையதன் அடியில் மூன்றாம் இலக்கம் ௩ என்றும் வெட்டியிருக்கிறது, ஆகையால் கப்பித்தான் முதலில் கொடுத்தது அவள் வீட்டுக்குத்தான் என்பது. இதை ஒரு ஞானஸ்நான வீட்டில் நாலு பேர் முன் சொன்னாள், அன்றோடு பேச்சு நின்றது, பதினொரு வருஷம். இரண்டு பேரும் தாலியறுத்துத் தனியாக இருக்கிறோம், இரண்டு தெருதான் தூரம், கோயிலில் மூன்று பெஞ்சு தூரம்.

இரண்டில் எது பழையதோ அது மாதா பாதத்தில் இருக்கட்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார். உன் அப்பா போன பிறகு அந்தக் கோயிலில் நம் வீட்டுப் பேரை யாரும் வாயால் சொன்னதில்லை கித்தேரி. அந்த இடம் எனக்கு அதற்காகத்தான் வேண்டியிருந்தது. இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பாளையங்கோட்டையிலிருந்து சங்கரபாண்டியன் என்று ஒரு சரித்திர வாத்தியார் வந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், ஐரோப்பா மரம், முந்நூறு வருஷம் என்று நோட்டில் எழுதிக்கொண்டு ஆறு வடை சாப்பிட்டார். அங்கிருந்து பிளாரன்ஸ் வீட்டுக்குப் போய் அவளுடையது முந்நூற்றுப் பத்து என்றாராம். சீனி விலை ஏறிக் கிடக்கிற காலத்தில் அவள் அல்வா வைத்திருக்கிறாள். சரித்திரம் அப்படித்தான் பத்து வருஷம் கூடியது. இதை நான் சாமியாரிடம் எடுத்துச் சொன்னதும், சாமான் அறிந்தவர் ஒருவர் பார்க்கட்டும் என்று காயல்பட்டணத்துக்கு ஆள் அனுப்பினார். உன் அப்பா அண்ணனாக நினைத்த சிநேகிதர் அபுல் ஹஸன் காக்கா வந்தார், இப்போது எழுபத்து நாலு வயது, கடல் கடந்து வந்த சாமான் எதையும் தொட்டுப் பார்த்தே ஊர் சொல்லுவார். சாமியார் வீட்டு மேசையில் இரண்டையும் வைத்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். காக்கா ஒன்றைத் திருப்பினார், மற்றதைத் திருப்பினார், துளைகளில் விரலை விட்டுப் பார்த்தார், குடிக்கத் தண்ணீர் கேட்டார். மறுபடியும் பார்த்துவிட்டு மறுபடியும் தண்ணீர் கேட்டார். மூன்றாவது தம்ளர் குடிக்கும்போது, தங்கச்சி, இந்த மாதிரி இன்னும் ரெண்டு உங்க குடும்பத்துல இருக்குமா என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கோயில் தச்சன் ஞானையா உள்ளே வந்தான், ஜெயிக்கிற பூச்சாடிக்குப் பீடம் செய்ய அளவெடுக்க. ஒன்றைக் கையில் எடுத்தான், கவிழ்த்தான், "சாமி, கட்டில் காலுக்கு எதுக்குப் பீடம்? இன்னும் ரெண்டு கால் இருந்தா கட்டிலே செஞ்சிரலாம்லா" என்றான்.

சாமியார் காக்காவைப் பார்த்தார், காக்கா காலித் தம்ளரைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் மரியாதையாகச் சொன்னார். ஐரோப்பா மரம் இல்லை, நம் பூவரசு. காயல்பட்டணத்தில் ஒரு கடைசல்காரர் இருந்தாராம், மரத்தைச் சுற்றவிட்டு அரக்குக் குச்சியை அழுத்தி இந்த வளையங்களைப் போடுவாராம், கலியாணக் கட்டிலுக்குக் கால் கடைவதுதான் அவருக்கு வேலை. காக்காவின் உம்மா கலியாணத்துக்கு ஒரு கட்டில் செய்தபோது அவர் பாட்டனாருக்குச் சிநேகிதரான ஒரு தூத்துக்குடிக்காரர் தனக்கும் அதே போல் ஒன்று வேண்டும் என்று செய்துகொண்டு போனாராம், அது உன் அப்பாவைப் பெற்ற தாத்தாவாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கட்டில் தன்னை விட இரண்டு வயது மூப்பு என்றார், ஆக எழுபத்தாறு வருஷம். சதுரத் துளை சட்டம் சொருக. மேலே உள்ள குழி கொசுவலைக் கம்பு நட. ௧, ௩ என்பது எந்தக் கால் எந்த மூலைக்கு என்று தச்சன் போட்டுக்கொண்ட அடையாளம். பறங்கிக் கப்பித்தான் தமிழ் இலக்கம் வெட்டுவானா என்று பதினொரு வருஷத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பிளாரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். "அக்கா, கட்டில் காலுக்கா நாம இத்தனை வருஷமாப் பூ வச்சோம்?" என்றாள். உனக்கும் எனக்கும் ஆளுக்கொரு கால்தான் என்று நான் சொன்னேன். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சாமியார் எழுந்து சன்னலைச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் மற்றது ஞாபகம் வந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கலியாணமாகி வந்த முதல் வாரம் நான் உன் ஆச்சியிடம், சுரூபத்தின் முன்னால் இருக்கிறதே, இது என்ன மாமி என்று கேட்டேன். பழைய சாமான் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மடத்தில் சரித்திரப் பாடத்தில் முதல் பரிசு வாங்கியவளாகிய நான், பறங்கிக் கப்பித்தான் யாரும் கொடுத்திருப்பார்களோ என்று கேட்டேன். இருந்தாலும் இருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் மீன் அரியப் போய்விட்டார். மற்றபடி சங்கிலி, திரித்துவம், முத்து எல்லாம் நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. பிளாரன்ஸ் பத்து வருஷம் கழித்து மருமகளாக வந்தபோது அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான், அதன் பிறகு என் கதையைத் திருடிவிட்டாள் என்று சண்டை பிடித்ததும் நான்தான். உன் அப்பாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. வந்தவர்களுக்கு நான் கப்பித்தான் கதையைச் சொல்லத் தொடங்கினால் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். பெருமை பேசப் பிடிக்காத அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மனுஷன் சிரிக்கப் போயிருக்கிறார்.

மறுநாள் நானும் பிளாரன்ஸும் வண்டி பிடித்துத் தருவைகுளம் போய் உன் ஞானசௌந்தரி அத்தையைப் பார்த்தோம். தாத்தா இறந்ததும் பிள்ளைகள் நாலு பேரும் கட்டில் எனக்கு உனக்கு என்றார்களாம், ஆச்சி கோபத்தில் அதைப் பிரித்து ஆளுக்கொரு கால் கொடுத்துவிட்டாராம். அத்தையின் கால் முற்றத்தில் நட்டிருக்கிறது, ஆடு கட்டியிருக்கிறாள். "நான் முப்பது வருசமாச் சொல்லுதேன், படிச்சவளுவ யாரு கேட்டிய?" என்றாள். ஆட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டிவிட்டுக் காலைப் பிடுங்கிக்கொண்டு வந்தோம்.

திருநாளுக்கு மாதா பாதத்தில் ஒரு ஹார்லிக்ஸ் போத்தலில் வெள்ளித்தாள் சுற்றி, நான் மூன்று பூவும் அவள் மூன்று பூவும் வைத்தோம். மேற்றிராணியார் இது எந்தக் காலத்தது என்று கேட்டாராம், போன ஈஸ்டருக்குக் காலியானது என்று சாமியார் உள்ளதைச் சொன்னாராம். பூ வைத்தவர்கள் என்று பிரசங்கத்தில் எங்கள் இரண்டு பேர் பேரையும் வீட்டுப் பேரோடு வாசித்தார். என் பேரை முதலில் வாசித்தார், மூப்பு முறைப்படி. பிளாரன்ஸ் என் பெஞ்சிலேயே உட்கார்ந்து அதைக் கேட்டுத் தலையாட்டினாள்.

உன் மாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிடு. முந்நூறு இல்லை எழுபத்தாறு, போர்த்துக்கல் இல்லை காயல்பட்டணம், பூச்சாடியும் இல்லை. மூன்றையும் ஒரே நாளில் சொல்லாதே, நாளுக்கு ஒன்றாகச் சொல்லு. உன் அப்பாவும் அவர் கூடப் பிறந்தவர்களும் பிறந்த கட்டில் அது என்று கடைசியில் சொல்லு, அதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள். ஞானையா புதுச் சட்டம் இழைத்துக்கொண்டிருக்கிறான், பிளாரன்ஸ் தினமும் வந்து அவனுக்கு வேலை கற்றுக்கொடுக்கிறாள். அக்டோபரில் பேறுகாலத்துக்கு நீ வரும்போது அதில்தான் உன்னைப் படுக்க வைப்பது என்று இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறோம். கால் மூன்றுதான் இருக்கிறது. நாலாவது கொழும்பில் உன் பெரியப்பா வீட்டில், அதன் தலையில் அவர் தொப்பியை மாட்டுகிறாராம். கப்பலேறும் முன் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வா, கனமான பெட்டியை மட்டும் நீ தூக்காதே.

சர்வேசுரனும் தேவமாதாவும் உன்னையும் பிள்ளையையும் கை கால் சுகத்தோடு கொண்டுவந்து சேர்க்கட்டும், மருமகனுக்கு என் ஆசீர்வாதம். படுக்கும் முன் செபமாலை தவறாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, பூச்சாடி என்றால் பழங்காலத்துச் சாமான் என்று துறைமுகச் சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்கள், அதனால், இது என்ன என்று கேட்டால் கட்டில் கால் என்று தெளிவாகச் சொல்லு. அம்மா உனக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்ததில்லை.

உன் அன்புள்ள தாய்,
இஞ்ஞாசியம்மாள்