வெளிநாட்டில் இல்லாத உனக்கு

என்ர வதனிக்கு, சண்டை பிடித்த அன்றைக்கும் அக்காவின் பாயில்தான் வந்து படுப்பவளுக்கு,

உன் படத்தை நேற்று மாட்டிவிட்டோம். அடுப்படிக் குசினிக்குப் போகும் கதவுக்கு மேலே, அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில். அப்பாதான் கதிரையில் ஏறி நின்று ஆணி அடித்தார். "எழுபத்திரண்டு வயதில உதென்ன வேலை, இறங்குங்கோ" என்றால் கேட்கிற ஆளா அவர்? மாலை போட்டது உன் மகள். அவளைத் தூக்கிப் பிடித்ததில் என் இடுப்பு விட்டுப்போயிற்று. ஆறரை வயதாகிறது ஆரணிக்கு, நெல்மூட்டை மாதிரி கனக்கிறாள்.

ஒரு படம் மாட்ட மூன்று வருஷமா என்று நீ கேட்பாய். அவ்வளவு காலமும் அது அலுமாரிக்குள் என் சேலைகளுக்கு அடியில் முகம் குப்புறக் கிடந்தது. ஒளித்து வைத்தவள் நான்தான். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஏசுவதென்றால் முழுக்க வாசித்துவிட்டு ஏசு.

நீ வான் வண்டியில் ஏறிய நாளிலிருந்து சொல்ல வேண்டும். கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கடிதம் தந்திருந்தார்கள். நீலநிறப் பெரிய பாக்கில் உன் உடுப்புகளை அடுக்கினேன். பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் வாசல் படலையில் நின்று அழுதது. மூன்றரை வயது ஆரணி அப்பாவின் தோளில் இருந்துகொண்டு கை காட்டினாள். நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய்.

"அக்கா, என்ன நடந்தாலும் பிள்ளைக்குப் பொய் சொல்லிப்போடாதை. எனக்குச் செய்ததை அவளுக்குச் செய்யாதை."

"ஓமடி" என்றேன் நான்.

உனக்குச் செய்தது என்னவென்று எனக்குத் தெரியாதா? அம்மா கண்மூடியபோது உனக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினேழு. "அம்மா நித்திரையாப் போட்டா" என்றுதான் பெரியவர்கள் உனக்குச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்காக நீ நித்திரைக்குப் பயந்தாய். நான் கண்ணை மூடினால் கிள்ளி எழுப்புவாய். என் கை முழுக்கக் கண்டல். முப்பது வயது தாண்டியும் அந்தக் கோபம் உனக்கு ஆறவில்லை.

பதினொரு நாளில் உன்னைத் திரும்பக் கொண்டுவந்தோம். செத்தவீடு நடந்த நாள்களில் ஆரணியை முரசுமோட்டை மாமி வீட்டில் விட்டிருந்தோம். எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்து வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்ற முதலே கேட்டாள்: "பெரியம்மா, அம்மா எங்க?"

பதினாறு வருஷம் முன்பள்ளியில் படிப்பிக்கிறவள் நான். வாயைத் திறந்தேன். "அம்மா வெளிநாட்டுக்குப் போட்டா, குஞ்சு" என்றது வாய்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். எங்கள் வட்டக்கச்சிப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த பிரிவு அது ஒன்றுதானே. வாசலில் வான் வந்து நிற்கும், பெரிய பாக் ஏறும், எல்லாரும் அழுவார்கள், அதற்குப் பிறகு அந்த ஆள் வீட்டில் இருக்கமாட்டார். ஆரணி கண்டதும் அதையேதான். நான் சொன்னதும் அவள் உடனே தலையாட்டினாள். "ஓம், நான் கண்டனான்" என்றாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதிக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பொய்யும் பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்தது, வதனி. மாலை போட்ட படம் இருந்தால் பிள்ளைக்கு விளங்கிவிடும் என்று படத்தை ஒளித்தேன். உன் திவசத்தை இரண்டு வருஷமும் மாமி வீட்டில் செய்தோம், "மாமி வீட்டில விசேஷம்" என்று சொல்லி. உனக்குப் படைத்த உழுந்து வடையை உன் பிள்ளை ஒன்றும் அறியாமல் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டாள். நான் அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். "இது சரியில்லைப் பிள்ளை" என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொன்னார். "பேந்து சொல்லுவம் அப்பா, அவள் சின்னப்பிள்ளை" என்று நானும் ஒவ்வொரு முறையும் சொன்னேன். செட்டிகுளத்தில் மறுமணம் செய்துகொண்ட உன் மனிசன், தீபாவளிக்கு மகளுக்குச் சட்டையோடு வந்தபோது, "நீங்கள் சொன்னபடியே நானும் சொல்லுறன், அக்கா" என்றான். ஒரு பொய்க்கு இத்தனை பேர் காவல்.

இதில் வெட்கக்கேடு என்னவென்று கேள். முன்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, "பிள்ளையளுக்கு உண்மையைச் சொல்லுங்கோ, அவை தாங்குவினம்" என்று மற்றவர்களுக்குப் புத்தி சொல்லுவேன். பயிற்சி வகுப்பில் எழுதிய கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று நான்கு வயதில் சாவு என்பது போய்த் திரும்பும் பயணம் மாதிரி, திரும்பாது என்பது ஐந்து, ஆறு, ஏழு வயதில்தான் மெல்ல மெல்ல விளங்கும் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதற்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு போட்டு இன்னொன்று: காரணம் தெரியாத இடத்தில் பிள்ளை தன்னையே காரணமாக வைத்துக்கொள்ளும். அந்தக் கோட்டைப் போட்டவளும் நான்தான்.

போன மாதம் அடுத்த வீட்டுத் தாரணியின் தகப்பன் கட்டாருக்குப் போனார். தாரணியும் ஆரணியும் ஒரே வகுப்பு. வான் போனதும் தாரணி மண்ணில் விழுந்து அழுதாள். எங்கள் ஆள் பக்கத்தில் போய்க் குந்தி, அவளின் முதுகைத் தடவி ஆறுதல் சொன்னாளாம். "அழாதை. வெளிநாடு போனவை திரும்பி வரமாட்டினம். கதைக்கவும் மாட்டினம். என்ர அம்மாவும் அப்பிடித்தான். கொஞ்ச நாளில பழகீடும்."

தாரணியின் தாய்க்கு வந்த கோபம்! நேரே என் வாசலுக்கு வந்துவிட்டாள். "என்ன ரீச்சர், பயணம் போற நேரத்தில உங்கட பிள்ளை உப்பிடி அவச்சொல் சொல்லுறாள்?" நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. நான் சாவை வெளிநாடு என்று மாற்றிச் சொல்ல, பிள்ளை வெளிநாட்டைச் சாவாகப் படித்து வைத்திருக்கிறாள். எத்தனை கெட்டித்தனம் பார், நாங்கள் மறைத்த கணக்கைப் பெயர் மட்டும் தெரியாமல் சரியாகச் செய்திருக்கிறாள்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இன்னும் கொஞ்ச நாள் ஒளித்திருப்பேன். ஆனால் மூன்றாம் நாள் பின்னேரம் தாரணியின் தகப்பன் வீடியோ கோல் எடுத்தார். ஆரணியும் அங்கே நின்றாள். "மாமா, அங்க ஒட்டகம் நிக்குதோ?" என்று கேட்டாளாம். அவரும் சிரித்துச் சிரித்துக் கதைத்தாராம்.

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஆரணி வந்து குசினி வாசல்படியில் இருந்தாள். மடியில் பிஸ்கட் டின். அது எப்போதும் அவளோடு திரிகிற டின்தான், விளையாட்டுச் சாமான் என்று நினைத்து நான் திறந்து பார்த்ததில்லை.

"பெரியம்மா, கட்டார் வெளிநாடோ?"

"ஓம்."

"அங்க இருந்து கதைக்கலாமோ?"

"ஓம், கதைக்கலாம்."

"அப்ப அம்மா ஏன் கதைக்கிறேல்ல?"

எனக்கு ஒரு பொய்யும் வரவில்லை, வதனி. அவளே பதிலையும் சொன்னாள். "அவாவுக்கு என்னோட கோவமோ? நான் அவான்ர குளிசையளைக் கொண்டுபோய் மண்ணுக்க தாட்டனான். அதுதான் போட்டா."

நினைவிருக்கிறதா உனக்கு? ஒரு அட்டை மருந்துக் குளிசையைக் காணவில்லை என்று வீடு முழுக்கத் தேடினோமே. மூன்று வயதுப் பிள்ளை விதை என்று நினைத்து மல்லிகைப் பந்தலடியில் தாட்டதை, அவளின் கையில் மண்ணைக் கண்டு நீதானே பிடித்தாய். மூன்று வருஷம். சோறு சாப்பிட்டாள், பள்ளிக்கூடம் போனாள், எழுத்துக் கூட்டப் பழகினாள், விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தனைக்கும் உள்ளே அம்மாவை விரட்டினவள் தான்தான் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் ஒரே வீட்டில் இருந்தேன், தலை வாரிவிட்டேன், எனக்குத் தெரியவில்லை. நான் என்ன ரீச்சர்?

திருவலையைத் தள்ளிவிட்டுப் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். "குஞ்சு, பெரியம்மா உனக்குப் பொய் சொல்லிப்போட்டன். அம்மா வெளிநாட்டில இல்லை. அம்மா செத்துப்போனா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "செத்தா எண்டால் நித்திரையோ?"

"இல்லை. நித்திரை எண்டால் எழும்புவம். செத்தால் எழும்புறேல்ல. மூச்சு இல்லை, நோ இல்லை, பசி இல்லை."

"நான் குளிசையைத் தாட்டதாலயோ?"

"இல்லவே இல்லை. அம்மாவுக்குப் பெரிய வருத்தம். எவ்வளவு குளிசை குடிச்சும் மாறேல்ல. நீ தாட்டது அம்மாவுக்குத் தெரியும். உன்ர கையில மண்ணைக் கண்டவா. சிரிச்சவா."

"மெய்யே? என்ன சொன்னவா?"

"'இருக்கட்டும், குளிசை மரம் முளைச்சால் எல்லாருக்கும் புடுங்கிக் குடுக்கலாம்' எண்டு சொன்னவா."

அது நீ சொன்னதுதானே? ஒரு எழுத்தும் நான் கூட்டவில்லை. அன்றைக்கு நீ சிரித்ததை நான் மறக்காமல் வைத்திருந்தது இதற்குத்தான் போல.

விரலால் டின் மூடியைத் தட்டினாள். பிறகு, "நீங்கள் ஏன் பொய் சொன்னீங்கள்?" என்றாள்.

"பயத்தில."

"ஆருக்குப் பயம்?"

"எனக்குத்தான்."

டின்னைத் திறந்து காட்டினாள். நீ கோல் எடுத்தால் காட்டவென்று சேர்த்து வைத்தவை எல்லாம் உள்ளே. வகுப்பில் கிடைத்த நட்சத்திர ஒட்டி, ஒரு மயிலிறகு, நீண்ட தலைமயிரோடு உன்னை அவள் வரைந்த படம், பஞ்சில் சுற்றிய முதல் பால்பல். அந்தப் பல்லைக் கூரையில் எறியச் சொன்னபோது ஏன் அப்படிக் குழறி அழுதாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"இனிக் காட்ட ஏலாதெல்லோ" என்றாள். பல்லை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். முதல் எறியில் பல் திரும்பி வந்து விழுந்தது. இரண்டாவதில் ஓட்டில் தங்கிவிட்டது. பிறகு கொய்யா மரத்தில் ஏறி விளையாடப் போய்விட்டாள். நான்தான் படியில் இருந்து ஏங்கி ஏங்கி அழுதேன். அப்பா வயலால் வந்து என்னைக் கண்டதும், "சொல்லிப்போட்டியோ?" என்று கேட்டார். ஓம் என்றதும் துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருந்துவிட்டார். அம்மா போனபோதுகூட அவர் அழுததை நான் காணவில்லை. மனிசருக்கு எழுபத்திரண்டில் அழ வருகிறது, எனக்கு நாற்பத்துநான்கில் பொய்யைக் கைவிட வருகிறது. என் கொப்பியிலுள்ள வளர்ச்சி அட்டவணை ஏழு வயதோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வளர்வதை எல்லாம் யார் எழுதி வைப்பது?

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. குளிக்க வார்க்கும்போது கேட்கிறாள், சைக்கிளில் ஏற்றிப் போகும்போது பின்னாலிருந்து கேட்கிறாள். "நீங்களும் சாவீங்களோ?" "அம்மப்பா எப்ப?" இரண்டு நாள் பாயை நனைத்தாள். ஒரு நாள் என்னோடு கதைக்கவே மாட்டேன் என்றாள். அது எனக்கு வேண்டியதுதான்.

நேற்று மாலை போட்டு முடிந்ததும் தாரணி வந்தாள். உன் படத்தைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் குசினிக்குள் நின்று காது கொடுத்தேன்.

"உதென்னடி, உன்ர அம்மாவுக்கு மாலை?"

"என்ர அம்மா செத்துப்போனா" என்றாள் உன் மகள். குரலில் அழுகை இல்லை, வதனி. பரீட்சையில் பாஸ் என்று வந்து சொல்வாளே, அந்தக் குரல். "என்னோட கோவமில்லையாம். செத்துத்தான் போனாவாம்."



வருகிற கிழமை உன் மூன்றாம் திவசம். இந்த முறை நம்முடைய வீட்டில். வடை சுட மாவைத் தான்தான் தட்டித் தருவாளாம், ஓட்டையும் தான்தான் போடுவாளாம்.

உனக்குத் தந்த வாக்கை ஒருதரம் மீறினேன். இப்போது வேறொன்று தருகிறேன். இவள் இன்றைக்குக் கேட்டது ஆறு வயதுக் கேள்வி. பத்து வயதில், அம்மாவுக்கு வந்தது என்ன வருத்தம் என்று கேட்பாள். பெரிய பிள்ளையாகிச் சடங்குத் தண்ணீர் வார்க்கும் நாளில் உன்னைத் தேடுவாள். கலியாணத்தன்று தேடுவாள். தன் பிள்ளையைக் கையில் வாங்கும் நாளில், மூன்றரை வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போவது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்பாள். ஒவ்வொரு வயதிலும் அவளுக்கு நீ ஒருதரம் புதிதாகச் செத்துப்போவாய். ஒவ்வொரு தரமும் நான் பக்கத்தில் இருந்து உள்ளதை உள்ளபடி சொல்லுவேன், குளிசை மரக் கதையையும் சேர்த்து.

கோபமில்லைத்தானே, வதனி?

உன் கிள்ளலின் கண்டல் இன்னும் மாறாத கையோடு,
உன்ர அக்கா, ஆரணியின் பெரியம்மா.