பாசலில் நாலு மணி, இங்கே பத்து மணி

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் பெரும்பாலும் சுகம். நீங்களும் உங்களோடு ஊர் சுற்றுகிற அக்னெஸ் அன்ரியும் கால் வீங்காமல், ரயிலைத் தவறவிடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இதைக் கையால் எழுதி, படம் எடுத்து அன்ரியின் போனுக்கு அனுப்புகிறேன். ரைப் செய்தால் அப்பா சொல்லித் தந்தது என்று நினைப்பீர்கள். அவர் இரவு வேலைக்குப் புவாண்ட்-கிளேர் போய்விட்டார், நான் நித்திரை என்று நம்பிக்கொண்டிருக்கிறார், அவருக்குச் சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் நாள் எழுதி ஃபிரீசரில் வைத்த பெட்டிகளில் சனிக்கிழமைக் கணவாய்க் கறியை இன்று வியாழனே சாப்பிட்டுவிட்டோம், மன்னிக்கவும். அன்ட்வேர்ப் மியூசியத்திலிருந்து நீங்கள் அனுப்பிய குரல் பதிவை, அங்குள்ள ஓவியம் ஒன்றைப் படிக்கிற எங்கள் பிரெஞ்சு வகுப்பில் போட்டேன். நானூறு வருடப் பழைய அந்த ஓவியத்தின் முன்னால் நின்று, மீன்ரை கண்ணைப் பார் பிள்ளை, குழி விழுந்துபோச்சு, உது ரெண்டு நாள் மீன், கீறின மனிசன்ரை தலையில ஆரோ கட்டிப்போட்டாங்கள் என்று நீங்கள் சொல்கிற இடத்தில், நான் மொழிபெயர்க்கும் முன்பே தமிழ் தெரிந்த கீழ்வீட்டு நிகில் விழுந்து விழுந்து சிரித்தான். ரீச்சர் அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினொரு வருடமாக இந்தப் படத்தைப் படிப்பிக்கிறேன், மீனை ஒருநாளும் பார்க்கவில்லை என்றார். என் அம்மா கடையில் மீன் வெட்டுகிறவர் என்று சொன்னேன். சொல்லும்போது நிமிர்ந்துதான் நின்றேன்.

ரயிலில் கவனம் அம்மா. பாதி வழியில் ரயில் இரண்டாகப் பிரிந்தபோது பிழையான பாதியில் இருந்து, பெயர் தெரியாத ஊரில் இறங்கி உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். ஏறும் முன் பெட்டி எண்ணைப் பாருங்கள். சப்பாத்துக்குள் இரண்டு காலுறை போடுங்கள்.

இனி எழுத வந்த விசயம். நேற்று அப்பா போனில், பிள்ளை ஆறு நாளாய் லைற்றை நூர்க்காமல் படுக்கிறாள், பயப்பிடுறாள் போல என்று உங்களிடம் சொன்னதையும், அப்ப நான் பாசலுக்குப் போகேல்லை, சனிக்கிழமையே வாறன் என்று நீங்கள் சொன்னதையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பயம் உண்மைதான். ஹீற்றர் குழாய் தட்டும்போது யாரோ வெளிப்படியில் ஏறி வருவது போல இருக்கிறது. இப்போதும் தட்டுகிறது. ஆனால் கீழே நிகிலின் அம்மா வசுமதி அன்ரி இருக்கிறார். பயமா இருந்தா தரையில தட்டு கண்ணு, நான் மேல வந்துடறேன் என்றார். டிவியில் ஹாக்கி நடக்கும்போது மட்டும் தட்டாதே என்று நிகில் சொன்னான்.

பாசலில் திருவிழா தொடங்கும்போது ஊர் முழுக்க விளக்கை அணைத்துவிட்டு, மேளத்தோடு லாந்தர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று போவதற்கு முன் எத்தனை தரம் சொன்னீர்கள். சின்னனிலை குண்டு போடுற பொம்பருக்குப் பயந்து லைற்றை நூர்த்தனாங்கள், சந்தோசத்துக்கு ஒரு ஊரே நூர்க்கிறதை ஒருக்கால் பாக்கவேணும் என்றீர்கள். அதைப் பார்க்காமல் எனக்காக வந்தால், பிறகு ஒவ்வொரு இரவும் அந்த லைற்றைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். டிக்கெற்றை மாற்றாதீர்கள்.

அங்கே திருவிழா தொடங்கும் திங்கள் விடிய நாலு மணி என்றால் இங்கே ஞாயிறு இரவு பத்து. கணக்குப் பார்த்துவிட்டேன். அவர்கள் அணைக்கும்போது நானும் அணைப்பேன். நீங்கள் அங்கே நின்றால்தான் அணைப்பேன். லாந்தர் வந்ததும் எனக்குப் போன் எடுங்கள், மேளச் சத்தம் குழாய்ச் சத்தத்தை விடப் பெரிதாக இருக்கும்.

போகும் இடமெல்லாம் உங்களுக்கு யன்னல் ஓர இருக்கை கிடைக்கட்டும். காலுறையை மறக்க வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்,
சாம்பவி