முனுசாமி நைனா கேட்ட பாய்

ஐப்பசி, வியாழன் இரவு.

முனுசாமி நைனா இன்று மத்தியானம் போய்விட்டார். பாழாய்ப்போன அந்தக் கட்டிலில்தான்.

கருங்குழிக்காரர். லாரி ஓட்டிய காலத்திலிருந்து தரையில் படுத்தே பழகியவர். திருவிடந்தையில் எங்கள் முதியோர் இல்லத்துக்கு வந்த முதல் நாளே என்னிடம் சொன்னார்: "எனக்குக் கட்டிலு வோணாம்மா. கீய ஒரு பாய் போடு, போதும். இதுல படுத்தா ஆஸ்பத்திரில கெடக்கற மாதிரியே கீது."

ஒவ்வொருவரின் விருப்பத்தையும் கேட்டு எழுதும் படிவம் அந்த வாரம்தான் புதிதாக வந்திருந்தது. 'தரையில் பாய்' என்று நானே எழுதினேன். மகன் கையெழுத்துப் போட்டால்தான் ஆயிற்று என்றார் மேனேஜர். மகனுக்குப் போன் செய்தேன். "அப்பாவத் தரைல போட்டா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? நேர்ல வந்து பேசறேன் சிஸ்டர்" என்றார். வரவில்லை.

நைனா தினமும் கேட்டார். நானும் தினமும் "நாளைக்கு நைனா" என்றேன். இரண்டு மாதம். ராத்திரிக்கு ராத்திரி கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியைத் தூக்கி மாட்டியதும் இந்தக் கைதான்.

இன்று மகன் வந்தார். அறைக்குள் நுழைந்ததும் அழுதுகொண்டே கத்தினார்: "இன்னா சிஸ்டர், உயிர் போனப்புறமும் கட்டில்லயே வெச்சிகினு கீறீங்க? மொதல்ல கீய எறக்குங்க."

ஸ்டோர் ரூமில் சுருட்டிக் கிடந்த பாயை எடுத்து வந்து விரித்தேன். நாலு பேர் சேர்ந்து இறக்கிப் படுக்க வைத்தோம்.

யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.