ஆட்டுக்குச் சொந்தக்காரி

மே 24, சனி
மொலோகியா கீரை நறுக்கிக்கொண்டிருந்தேன். கறிக்கடை மெத்வல்லி ஒலிபெருக்கியில் கத்தினார்: "பெருநாள் குலுக்கல்ல செம்மறிக்கடா விழுந்தது இன்ஷிராஹ் மஹ்ரூஸுக்கு!" யாரோ கொடுத்துவைத்தவள் என்று நினைத்தேன். பாதிக் கீரை நறுக்கியபிறகுதான் உறைத்தது. அடிப் பாவி, அது நான்தானே! கறி வாங்கியபோது நானே எழுதிப் போட்ட சீட்டு.

ஐம்பத்தொரு வயது. தெருவுக்கு நான் ஷெரீஃப் அம்மா. இவருக்கு 'ஏ, வீட்டாளு'. பெண்டாட்டி பெயர் வாயில் வந்தால் காபிக்கடையில் சிரிப்பார்களாம்.

சாப்பிடும்போது கேட்டார்: "யாருடி அந்த இன்ஷிராஹ்?"

"தெரியலையே" என்றேன். கட்டியவருக்கே தெரியவில்லை என்றால் நான் ஏன் சொல்வது?

மே 25
சீட்டில் எங்கள் கட்டட எண் இருந்ததால் கடாவை மாடிப்படிக்கு அடியில் கட்டிவிட்டார்கள். ஆளைத் தேடும் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். நானே கதவு கதவாகத் தட்டினேன்: "இன்ஷிராஹ் இருக்காங்களா?"

ஐந்தாம் மாடி வலீத் அம்மா, இத்தனை வருஷமாக என்னோடு காபி குடிப்பவள், சொல்கிறாள்: "செத்துப்போன கிழவி யாராவது இருக்கும்டி!"

கோபமாக இறங்கிவந்தேன். அவள் பெயர் எனக்குத் தெரியுமா? தெரியாது.

மே 26
குவைத்தில் இருக்கும் மகனிடம் போனில் கேட்டேன், அம்மா பேர் என்னடா என்று.

"அம்மா... இருங்க, 'இ'ல ஏதோ..."

பள்ளிக்கூடத்தில் அம்மா பேர் தெரிந்தால் பையன்கள் கேலி செய்வார்கள் என்று மறைத்து மறைத்து மறந்தே போச்சாம். பெத்த வயிறுடா இது!

மே 28
நாளைக்கும் ஆள் வராவிட்டால் மறுபடி குலுக்குவார்களாம். இவருக்கு யோசனை பிறந்துவிட்டது.

"நீ போய் நான்தான் இன்ஷிராஹ்னு சொல்லிடு. நான் சாட்சி."

"பொய் சொன்னா பாவமில்லையா?"

"கறியை ஏழைங்களுக்கும் கொடுப்போம்ல, கழிஞ்சிடும். எங்கே, சொல்லு பார்ப்போம்... ம்ஹூம், நம்புற மாதிரி இல்ல. அந்தப் பொம்பளை மாதிரி நில்லுடி!"

என்னைப் போல நிற்க எனக்கே பயிற்சி. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

மே 29
கடைமுன் தெருவே கூடியிருந்தது. இவர் வியர்த்து வழிய, "அல்லாஹ் மேல ஆணையா இவதான் இன்ஷிராஹ்!" என்றார். நான் அடையாள அட்டையை நீட்டினேன். மெத்வல்லி இரண்டு தடவை படித்துவிட்டு, கடாவின் கயிற்றை என் கையில் கொடுத்தார்.

இவர் காதோரம் வந்தார். "பிரமாதம்டி! எங்கே அடிச்சே இந்தப் போலி அட்டையை?"

"அரசாங்க ஆபீஸ்ல. பதினாறு வயசுல."

அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கறிவெட்டும் கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நிக்காஹ் அன்னிக்கு ஒரு தடவை கேட்டதுதான்... ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் கேக்கல?"

நல்லாக் கேட்டேடி, இன்ஷிராஹ்!

ஜூன் 6, பெருநாள்
வலீத் அம்மாவுக்குக் கறி கொண்டுபோய்க் கொடுத்து, பெயர் கேட்டேன். என்னை உள்ளே இழுத்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: பஹீஜா.

ஜூன் 7
ரொட்டி வாங்கப் போனவர் தெருவில் நின்று, காபிக்கடை முழுக்கப் பார்க்க, பால்கனியை அண்ணாந்து கத்தினார்: "இன்ஷிராஹ்! கூடையை இறக்கு!"

கீழே தாயக்கட்டைச் சத்தம் நின்றுபோனது. யாரோ சிரித்தார்கள். இவர் காது சிவந்தது மேலிருந்தே தெரிந்தது.

எனக்கு நன்றாகவே கேட்டது. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று கூடைக் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.