சம்பந்தி வீட்டுக் கேத்தல்

இன்றைக்குக் காலையில் ஒரு டேபிள் ஃபேனின் உடைந்த பின்மூடியை எடுத்து, வெடிப்பில் அப்பச்சோடாவை அமுக்கி, மேலே சூப்பர் குளூவை விட்டேன். சீறிப் புகைந்தது. குனிந்திருந்த எனக்குக் கண்ணிரண்டும் எரிந்து தண்ணீர் கொட்டியது. வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "யார நெனச்சு அழுவுறீங்க?" என்றாள். போய்ச் சேர்ந்துவிட்ட உன்னைச் சொன்னேன். "அந்த மனுசனுக்கு இந்தத் தண்ணி போதும்," என்றாள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். நடந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். "உசுரோட இருக்கையில கேட்டிருக்கணும்," என்கிறாள். அதையும் எழுது என்றேன்.

கெலிஓயாவில் கம்பளை றோட்டோரம், உடைந்த சாமான் ஒட்டிக் கொடுக்கும் நம் கடை. முன்னால் நீ, பின்னால் நான். வருகிறவர்களிடம் பேசுவது உன் வேலை, அரம் பிடிப்பது என் வேலை. புசல்லாவையிலிருந்துகூட உடைந்த பேசினைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருவார்கள். நீ வித்தை காட்டுகிறவன் மாதிரி கையை உயர்த்தி, "ஒரு சிட்டிகை, ஒரு சொட்டு, கல்லு!" என்பாய். ஒட்டினதை மேசையில் டொக்கென்று தட்டிக் காட்டுவாய். சனம் வாயைப் பிளக்கும். வெடிப்பை வாள் பிளேட்டால் கீறி வாய் திறந்துவிட்டதும், கறுப்புச் சாமானுக்குக் கரித்தூளும் பலகைக்கு மரத்தூளும் கலந்ததும், சோடாவை ஒரேயடியாய்க் கொட்டாமல் படை படையாய்ப் போட்டதும் நான். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. உனக்குப் பேச்சு வரும், எனக்கு வராது.

உன் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த சமயம். மாப்பிள்ளையின் அம்மா, தண்ணீர் கொதிக்கவைக்கும் கரண்ட் கேத்தலைக் கைப்பிடி முறிந்தபடி கொடுத்தனுப்பினார். பார்த்தவுடனே சொன்னேன், "வேணாம்பா. இது சூட்டுக்கு நிக்காது. ஆவி பட்டுப் பட்டு எளகிரும்."

"சம்பந்தி வீட்டுச் சாமான ஒடஞ்சபடி திருப்பி அனுப்பலாமாண்ணே? சகுனம் என்னாகும்?"

"அப்ப புதுசா ஒண்ணு வாங்கிக் குடு."

"என் கைமேல நம்பிக்க வச்சுல்ல அனுப்பியிருக்காங்க."

நான் தொடவில்லை. நீயே சோடாவை அமுக்கினாய், நீயே குளூவை விட்டாய். கேத்தல் நிறையப் பச்சைத் தண்ணீர் ஊற்றித் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களா அண்ணே?" என்றாய்.

"பச்சத்தண்ணியில எதுதான் நிக்காது?" என்றேன். சிரித்தாய்.

மாப்பிள்ளைப் பையன் த்ரீவீலில் வந்து இறங்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அம்மாவின் காலில் கொதி தண்ணீர் கொட்டி, கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேரே வந்திருந்தான். கையில் அந்தப் பிடி மட்டும். "யாரு ஒட்டினது இத?" என்று கத்தினான். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அண்ணன்தான் தம்பி. சூட்டுக்கு நிக்காதுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கல."

என் வாயிலிருந்து வந்ததை எடுத்து உன் வாயில் போட்டுக்கொண்டாய். அவன் என்னை என்னவெல்லாம் ஏசினான்! தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உள்ளதைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவள்.

தாலி ஏறட்டும், பிறகு நீயாகவே சொல்வாய் என்றிருந்தேன். தாலி ஏறியது. பேரப்பிள்ளையும் பிறந்தது. நீ சொல்லவில்லை. அது போதாதென்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "அண்ணன்கிட்ட யோசிச்சுக் குடுங்க, அவசரக்காரர்," என்று பகிடி பண்ணினாய். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு எதிரிலேயே சாமானை எடுத்து உன் பக்கம் தள்ளி வைத்தார்கள். நீயோ அதை இரகசியமாய் என்னிடம் தள்ளி, "பாத்து ஒட்டுங்கண்ணே," என்பாய்.

கடைசியாய் நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்தாய். இப்போதாவது சொல்வாய் என்று காதைக் கொண்டுவந்தேன். "கடையப் பாத்துக்கங்கண்ணே," என்றாய். அவ்வளவுதான்.

இன்றைக்கு மத்தியானம் உன் மகள் வந்தாள். ரைஸ் குக்கர் மூடியின் பிடி கழன்று கையில் இருந்தது.

"ஒட்டக்கூடாதும்மா. வேற பிடி வாங்கித் திருகணும்," என்றேன்.

அவள் மூடியை மேசையில் வைத்தாள். "கோவிச்சுக்காதீங்க பெரியப்பா. ரொம்ப நாளா கேக்கணும்னு. இவ்வளவு தெரிஞ்ச நீங்க அந்தக் கேத்தல மட்டும் ஏன் ஒட்டுனீங்க? அப்பா வேணாம்னு சொன்னாராமே? அத்தைக்கு இன்னும் அந்தக் கால்ல செருப்புப் போட முடியல."

உள்ளே என் வீட்டுக்காரி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. நீ போய்விட்டாய், இனி உனக்கு என்ன? சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். ஆனால் உன் மகள் சாயங்காலம் திரும்பிப் போகவேண்டியது அந்த வீட்டுக்கு. அங்கே அந்த அம்மா வாய்க்கு வாய் உன்னைத் தங்கமான மனுசன் என்கிறாராம். இதைக் கேட்டுவிட்டு அந்தக் குசினியில் அடுப்பு முன்னால் அவள் எந்த முகத்தோடு நிற்பாள்?

"புத்தியில்லாமத்தான் மகள்," என்றேன்.

அவள் என் தோளைத் தொட்டாள். "விடுங்க பெரியப்பா. அத்தை ஒங்கள எப்பவோ மன்னிச்சிட்டாங்க."

மூடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நீ செய்ததற்கு எனக்கு மன்னிப்பும் கிடைத்துவிட்டது. செத்தவனுக்கு அதை அனுப்ப வழியில்லை. என்னிடமே இருக்கிறது.